உள்பக்கப் பூட்டு

அவருக்கு என்னைப் பிடிக்கும். எனக்கு அவரைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், இத்தனை வருஷம் கழித்து ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறாளே, எவ்வளவு பிரியம் பார் என்று நினைத்துக்கொள்வீர்கள். பிரியம் இல்லாமலும் இல்லை. ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான்.

டெல்லியில் மத்திய சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆள் குள்ளம், தோள் மட்டும் மூட்டை தூக்குகிறவரின் தோள் மாதிரி அகலம். கரோல்பாகில் ஒரு அச்சகத்துக்கு மேலே இருந்த நீளமான அறையை வாடகைக்கு எடுத்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் படம் போடுவார். பிலிம் சொசைட்டி என்று பெயர். சாதாரணப் படங்கள் இல்லை. கதை இல்லாத படங்கள், நடிகர்கள் இல்லாத படங்கள். சில சமயம் காமிராவே இல்லாத படங்கள். பிலிம் சுருளை ஆணியால் கீறி, மேலே மசியைக் கொட்டி, அப்படியே ஓட்டியிருப்பார்கள். எம்பஸி எம்பஸியாக ஏறி இறங்கி, தகரப் பெட்டிகளில் அவற்றைக் கொண்டுவருவார். புரொஜெக்டரை ஓட்டுவதும் அவரே.

அந்த அறைக்கு ஒரே கதவு, பின்பக்கம், புரொஜெக்டர் மேஜைக்கு அருகில். கதவைத் திறந்தால் நேராகத் திரையில் வெளிச்சம் விழும். படம் ஆரம்பித்ததும் அவர் கதவைச் சாத்தி, நாதாங்கியில் ஒரு பெரிய பித்தளைப் பூட்டை உள்பக்கமாக மாட்டிப் பூட்டிவிடுவார். சாவி சட்டைப்பைக்குள் போகும். படம் முடிகிற வரைக்கும் யாரும் வெளியே போக முடியாது. தலைவலி, வயிற்றுவலி, வீட்டில் விருந்தாளி, எதுவும் செல்லாது.

"பந்தியிலகூடப் பாதில எந்திரிக்கப்படாதும்பாங்க. இது படம்வே. பாதில போனா பாத்ததாவும் ஆகாது, பாக்காததாவும் ஆகாது. அப்படி ஒருத்தனை நான் ரோட்டுல விட மாட்டேன்" என்பார்.

மனைவி அவரை விட்டுப் போய்விட்டாள் என்று பேச்சு. கல்யாணமான இரண்டாம் வருஷமே பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்கு ரயில் ஏறிவிட்டாளாம். ஒரு தடவை கேன்டீனில் யாரோ, "ஊரையெல்லாம் பூட்டி வைக்கிறவருக்கு வீட்டைப் பூட்டத் தெரியலையே" என்று சொல்லி வைத்தார். சொன்னவருக்கு முன்பல் போயிற்று. பல்லைப் பொறுக்கி ஒரு காகிதத்தில் மடித்து அவரிடமே கொடுத்துவிட்டு, இவர் டீயைக் குடித்து முடித்தாராம். கோபத்திலும் எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை.

நான் அப்போது வங்கியில் சேர்ந்த புதிது. புசா ரோடு பக்கம் பெண்கள் ஹாஸ்டலில் இருந்தேன். எட்டு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அதற்கு மேல் வந்தால் வார்டன் அம்மாள் அப்பாவுக்கே கடிதம் எழுதுவாள். முதல் முதலாக அவருடைய அறைக்குப் படம் பார்க்கப் போனது ஒரு குளிர்கால ஞாயிறு. ஒரு மாட்டு வண்டிச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. முதலில் அலுப்பாக இருந்தது, பிறகு கோபம் வந்தது, அப்புறம் ஏனோ நன்றாக இருந்தது. ஆனால் மணி ஏழேமுக்கால். எழுந்து கதவிடம் போனேன்.

"படம் ஓடுதுல்லா. உக்காரும்மா" என்றார்.

"ஹாஸ்டல் பூட்டிடுவாங்க. திறங்க."

"நானும் பூட்டியிருக்கேன். முடியட்டும்."

கையில் எவர்சில்வர் டிபன் கேரியர் இருந்தது. அதை ஓங்கி அவர் நெற்றியில் அடித்தேன். மிளகாய்ப்பொடி எண்ணெயும் ரத்தமுமாகப் புருவத்தில் வழிந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கர்ச்சீப்பை நெற்றியில் அழுத்திக்கொண்டு, புரொஜெக்டரை ஒரு தடவை பார்த்து, படம் ஆடாமல் ஓடுகிறது என்று தெரிந்ததும் என்னிடம் சொன்னார்: "நல்ல கை. உக்காரும்மா."

உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய! படம் முடிந்ததும் அந்த ரத்தத்தோடேயே என்னை ஹாஸ்டல் வரைக்கும் கூட்டிப்போனார். பூட்டிய கேட்டை ஒரு கல்லால் தட்டி, வார்டன் எழுந்து வந்ததும் தலையை நீட்டினார். "தப்பு என் மேல. அதுக்கு இந்தப் பொண்ணு தண்டனை குடுத்தாச்சு. மண்டையைப் பாருங்க, தையல் போடணும். அவளை உள்ள விடுங்க." வார்டன் பயந்துபோய்க் கேட்டைத் திறந்தாள். அப்பாவுக்குக் கடிதம் போகவில்லை. அடுத்த வாரம் என்னைக் கமிட்டியில் போட்டுவிட்டார். அடிக்கத் தெரிந்தவர்கள்தான் கமிட்டிக்கு வேண்டுமாம்.

அந்த நாளில் சொசைட்டிப் படங்களுக்கு சென்சார் கிடையாது. எங்களுக்கு மெம்பர்கள் சேர்ந்ததே பாதி அதனால்தான். "உடம்பு" என்று ஒரு படம் வருகிறது என்று நான் நோட்டீஸ் டைப் அடித்து, ஸ்டென்சில் போட்டு அனுப்பினேன். அவ்வளவுதான். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸிலிருந்து, சரோஜினி நகரிலிருந்து, வீட்டில் பஜனை என்று சொல்லிவிட்டு விபூதி இட்டுக்கொண்டு வந்தவர்கள் வரைக்கும் அறை பிதுங்கியது. ஒருவர் தன் செக்‌ஷனையே கூட்டிவந்திருந்தார். இங்க்ரிட், பிரிகிட் என்று யாராவது வருவாள் என்று முன் வரிசைக்கு அடிபிடி.

விளக்கு அணைந்தது. ஒரு கிழவரின் முழங்கால் வந்தது. கறுப்பு வெள்ளையில், மிக அருகில். போகவே இல்லை.

"அச்சா, பொம்பளை எப்போ சார் வருவா?" என்று இருட்டில் ஒரு குரல்.

"ஒருத்தியும் வர மாட்டா. முட்டியைப் பாரும்வே" என்றார் இவர், பின்னாலிருந்து.

முழங்கால் போய்க் காது வந்தது. காது போய்க் குதிகால். அப்போதுதான் நாற்காலிகள் விழ ஆரம்பித்தன. பெரிய மனிதர்கள் எல்லாம் கதவை நோக்கிப் பாய்ந்தார்கள். அவர் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, பெல்டைக் கழற்றி, இருட்டில் சுழற்றினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. விபூதிக்காரர் ஒருவர் மேஜைக்கடியில் ராமஜெயம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது ஒருவர் பூட்டைப் பிடித்து இழுத்தார். இவர் அந்தக் கையைப் பிடித்துத் திருகினார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. என் சிரிப்பு நின்றுபோயிற்று. திரையில் கிழவரின் குதிகால் அப்படியே இருந்தது.

கை உடைந்தவர் ஜனக்புரிக்காரர், பொதுத்துறை உத்தியோகம். அடுத்த ஞாயிறு இவர் ஆரஞ்சுப்பழத்தோடு அவர் வீட்டுக்குப் போனார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நானும் கூடப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, "நீங்க குதிகாலோட எந்திரிச்சிட்டீங்க. அதுக்கப்புறம் முதுகு வரும்..." என்று ஆரம்பித்து, மிச்சப் படத்தை ஒவ்வொரு அங்கமாகச் சொல்லி முடித்தார். கட்டுப் போட்ட கையோடு அந்த மனிதர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். அவருடைய மனைவி எங்களுக்கு உப்புமா கொடுத்தாள். வெளியே வந்ததும் நான் அவரிடம் கத்தினேன்: "உங்களுக்குக் கொஞ்சமாவது வெட்கம் இருக்கா?" அவருக்கு நான் என்ன கேட்கிறேன் என்றே புரியவில்லை.

எங்கள் மெம்பர்களில் அந்தப் பூட்டைக் கண்டு எரிச்சல்படாதவர் ஒருவர்தான். மோட்டார் உதிரி பாகக் கடை வைத்திருந்த ஒரு சர்தார்ஜி. ஜனக்புரிக்கும் அந்தண்டை வீடு. மனைவி, குழந்தைகள், கல்யாணமாகாத தம்பி. ஒரு தடவை சாணக்யபுரியில் ஒரு கலாசார மையத்தில் டி.வி. பெட்டியை வைத்து வீடியோ படம் காட்டினார்கள். ஒரு மனிதன் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டே இருந்தான். அங்கே கண்ணாடிக் கதவு, பூட்ட முடியாது. இவர் கையை விரித்துக்கொண்டு கதவை மறித்து நின்றார். எல்லாரும் முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்க, சர்தார்ஜி மட்டும் ஒவ்வொரு அறைக்கும் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு திடீரென்று அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஒன்றும் புரியவில்லை மேடம், ஆனால் பார்த்தேன்" என்று ஹிந்தியில் சொன்னார். இவருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. இரண்டு பேரும் நகமும் சதையுமாக ஆனார்கள். சர்தார்ஜி தமிழில் கற்றுக்கொண்டது ஒரே ஒரு பேச்சுதான்: "உக்காரும்வே." கடைக்கு வருகிற டாக்சிக்காரர்களிடமெல்லாம் அதைச் சொல்லி உட்கார வைப்பாராம். தம்பிக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார். தம்பியை ஒரு தரம் பார்த்திருக்கிறேன். மீசை அப்போதுதான் கறுத்திருந்தது. ஸ்கூட்டரிலிருந்து இறங்காமலே என்னைப் பார்த்து "உக்காரும்வே" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான்.

எண்பத்து நாலு நவம்பர் ஒன்றாம் தேதி. அதற்கு முந்தின நாள்தான் பிரதமரை அவர் வீட்டிலேயே சுட்டிருந்தார்கள். சுட்டவர்கள் சீக்கியக் காவலர்கள் என்று ரேடியோ கேட்டவர்கள் பேசிக்கொண்டார்கள். காலையில் ஆபீஸ்களுக்கு விடுமுறை. இவர் ஹாஸ்டலுக்கு வந்து, "பெட்டியை நாளைக்கு எம்பஸில திருப்பிக் குடுக்கணும். லீவுதானே, இப்பவே போட்டுருவோம்" என்றார். இன்றைக்கா என்று கேட்டேன். "பாக்காம எப்படித் திருப்பிக் குடுக்க?" என்றார். ஊரில் என்ன நடக்கிறது என்பது எங்கள் யாருக்கும் அப்போது முழுசாகத் தெரியாது. தெரிந்திருந்தால் போயிருக்க மாட்டோம். சர்தார்ஜியும், இந்தப் படத்துக்குக் கட்டாயம் வருவதாக முந்தின வாரம் சொன்ன சொல்லுக்காக, இவர் போனில் சொன்னதும் பஸ் பிடித்து வெள்ளனவே வந்துவிட்டார். மொத்தம் ஐந்தாறு பேர்.

ஊமைப் படம். கொடியில் காய்கிற வெள்ளைத் துணிகள் காற்றில் அடித்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். பூட்டு விழுந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கீழே சத்தம் கேட்டது. பிறகு ரப்பர் எரிகிற நாற்றம். நான் நாற்காலியில் ஏறி வென்டிலேட்டர் வழியாகப் பார்த்தேன். தெருவில் ஒரு டாக்சி எரிந்துகொண்டிருந்தது. அதன் டிரைவரை ரோட்டில் போட்டுக் கம்பியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் தலைப்பாகை அவிழ்ந்து நீளமாகக் கிடந்தது. அதற்கு மேல் பார்த்ததை எழுத மாட்டேன்.

சர்தார்ஜியும் நாற்காலியில் ஏறிப் பார்த்துவிட்டார். இறங்கி நேரே கதவுக்குப் போனார்.

"தாலா கோல்" என்றார். பூட்டைத் திற. "வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்."

"நஹீ. நீச்சே மார் டாலேகா" என்றார் இவர், தன் திருநெல்வேலி ஹிந்தியில். கீழே கொன்றுவிடுவார்கள்.

சர்தார்ஜி முதலில் கெஞ்சினார். பிறகு அடித்தார். நல்ல உயரம், இரும்புக் கை. முதல் குத்திலேயே இவர் மூக்கு உடைந்துவிட்டது. இவர் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு தூக்கிப் போட்டார். புரொஜெக்டர் நிற்கவில்லை. அவர்கள் புரண்டு புரண்டு திரைக்கு முன்னால் போய் விழ, அந்த வெள்ளைத் துணிகள் இரண்டு பேர் முதுகிலும் அடித்துக்கொண்டன. சாவிக்காக சர்தார்ஜி இவர் சட்டையைக் கிழித்தார். இவர் அவர் தலையைத் தரையில் மோதினார். தலைப்பாகை அவிழ்ந்தது. நீளமான முடி முகத்தில் விழுந்து, நினைவு கொஞ்சம் தப்பி, அவர் கிடந்த அந்தச் சமயத்தில் இவர் அந்தத் தலைப்பாகைத் துணியாலேயே அவர் கைகளைப் பின்னால் கட்டினார்.

அதைச் செய்திருக்கக் கூடாது. வேறு கயிறு இருந்ததா என்று கேட்டால் இல்லைதான். ஆனாலும் செய்திருக்கக் கூடாது. அன்றைக்கும் இதைத்தான் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

படியில் காலடிகள் ஏறின. கதவை உதைத்தார்கள். "அந்தர் கோயி சர்தார் ஹை?" உள்ளே சர்தார் யாராவது உண்டா என்று கேட்டார்கள். இவர் சர்தார்ஜியின் மேல் ஏறி உட்கார்ந்து, உள்ளங்கையால் அவர் வாயை அடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் கதவோடு ஒட்டி நின்று, இங்கே லேடீஸ் மீட்டிங் நடக்கிறது, பெண்கள்தான் இருக்கிறோம் என்று ஹிந்தியில் கத்தினேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி கேட்டது. இன்னும் நாலு உதை விழுந்தது. நாதாங்கி வளைந்தது, பூட்டு தாங்கியது. பிறகு தெருவில் வேறு யாரையோ கண்டு கூச்சலிட்டார்கள், எல்லாரும் இறங்கி ஓடினார்கள். யாரையோ. அது வேறு யாரோ என்பதில் எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது.

இவர் கையை எடுத்தபோது உள்ளங்கையில் சதை பெயர்ந்து தொங்கியது. சர்தார்ஜி கடித்திருந்தார்.

மறுநாள் மதியம் வரை இவர் பூட்டைத் திறக்கவில்லை. சர்தார்ஜிக்குத் தண்ணீர் கொடுத்தால் துப்பினார். "என் தம்பி சின்னப் பையன். அவனால் தனியாக ஒன்றும் முடியாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு சொல்வதையும் நிறுத்திவிட்டார். அந்த மதியம்தான் எங்களில் ஒருவரின் மைத்துனர், ராணுவத்தில் இருந்தவர், ஜீப்பில் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். அதிலேயே சர்தார்ஜியைப் போர்வையால் மூடி வீட்டுக்குக் கொண்டுபோனோம்.

மனைவியும் குழந்தைகளும் பத்திரமாக இருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் தானிய அறையில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். தம்பி இல்லை. அண்ணனைக் காணோமே என்று முதல் நாள் மதியமே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கரோல்பாகுக்குக் கிளம்பியிருந்தான். வருகிற வழியெல்லாம் எரிந்த ஸ்கூட்டர்கள் கிடந்தன. எது அவனுடையது என்று தெரியாமல் நாங்கள் எல்லாவற்றையும் தாண்டித்தான் வந்திருந்தோம்.

சர்தார்ஜி வாசலில் நின்று இவரைப் பார்த்தார். "நான் வீட்டில் இருந்திருந்தால் அவன் வெளியே போயிருக்க மாட்டான்" என்றார்.

"நீங்கள் வெளியே போயிருந்தால்..." என்று இவர் ஹிந்தியில் ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

கமிட்டியில் எல்லாரும் இதைப் பற்றி ஆளுக்கொன்று பேசினார்கள். ஓர் உயிரைக் காப்பாற்றினார் என்றார்கள், ஓர் உயிரைக் குடித்தார் என்றார்கள். அப்படிப் பேசியவர்கள் எல்லாரையும் டிபன் கேரியரால் அடிக்க வேண்டும்போல எனக்கு இருந்தது. அவர் பக்கமும் பேசத் தோன்றவில்லை, எதிராகவும் பேசத் தோன்றவில்லை.

மார்ச் மாதம் மறுபடி படம் போட ஆரம்பித்தார். கதவு அகலத் திறந்திருந்தது. சாயங்கால வெயில் நேராகத் திரையில் விழுந்து, படம் சோகை பிடித்த மாதிரி வெளுத்துத் தெரிந்தது. "கதவைச் சாத்துங்க சார்" என்று கத்தினார்கள். அவர் காது கேளாதவர்போலக் கதவோரம் நின்றார். பாதியில் எழுந்தவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டார். சிலர் வேடிக்கைக்காகவே எழுந்து போய், பீடி குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். வாராவாரம் இப்படித்தான். எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. முன்னால் இருந்த முரடனே தேவலை என்று நினைத்தேன். நினைத்ததற்காக என்மேலேயே எரிச்சல் பட்டேன்.

ஒரு ஞாயிறு, படம் ஆரம்பித்த பிறகு, வாசலில் நிழல் விழுந்தது. சர்தார்ஜி. வெள்ளைத் தலைப்பாகை. இளைத்துப்போயிருந்தார். 

அவர் இவருக்கு முன்னால் வந்து நின்று, ஓங்கிக் கன்னத்தில் அறைந்தார். இவர் தள்ளாடிக் கதவில் சாய்ந்து, பிறகு நேராக நின்றார். கையை உயர்த்தவில்லை. மறுபடி அறைந்தார். உடைந்து ஆறிய மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. மூன்றாவது அடி விழுமென்று நான் எழுந்துவிட்டேன்.

அடிக்கவில்லை. கையை நீட்டினார். "தாலா" என்றார்.

இவர் பெட்டிக்கடியிலிருந்து அந்தப் பித்தளைப் பூட்டை எடுத்துக் கொடுத்தார். சர்தார்ஜி கதவை இழுத்துச் சாத்தினார். வெயில் போய், திரையில் படம் பளிச்சென்று தெரிந்தது. வளைந்த நாதாங்கியில் பூட்டை மாட்டிப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, முன் வரிசையில் போய் உட்கார்ந்தார். இவர் இன்னும் நின்றுகொண்டே இருந்தார்.

"உக்காரும்வே" என்றார் சர்தார்ஜி, திரும்பாமலே.

இவர் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

படம் முடிந்தது. சுருளின் வால் தடதடவென்று அடித்துக்கொண்டு சுற்றியது. நிறுத்த யாரும் எழவில்லை. வெற்றுத் திரையின் வெளிச்சத்தில் முன் வரிசையில் இரண்டு தலைகள் தெரிந்தன. யாருடைய தோள் குலுங்கியது என்று சொல்ல முடியவில்லை. சாவி சர்தார்ஜியின் பையில் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

மணி எட்டு தாண்டிவிட்டது. ஹாஸ்டல் கேட்டைப் பூட்டியிருப்பார்கள். நான் எழுந்திருக்கவில்லை.